காட்சியும் திருத்தமும்: கோல்ஃப் வீச்சுப் பயிற்சியில் வீடியோவின் இடம்

கோல்ஃப் பயிற்சியில் வீடியோவின் பயனைச் சோதித்த ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது, குவாடக்னோலி, ஹோல்கோம்ப், டேவிஸ் மூவரும் 2002-இல் வெளியிட்டது. 30 ஆட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சியாளரும் உண்டு, வீடியோவும் உண்டு. இன்னொரு குழுவுக்குப் பயிற்சியாளரின் வாய்ச்சொல் மட்டும். மூன்றாவது குழு தன்போக்கில் பந்தடித்துக்கொண்டிருந்தது. 90 நிமிட அமர்வுகள் 4. முன்னும் பின்னும் செவன் அயர்னால் 15 பந்து அடிக்கும் தேர்வு. பயிற்சி முடிந்ததும் வைத்த முதல் தேர்வில் முந்தியது, யாரும் எதுவும் சொல்லித்தராத மூன்றாவது குழு. இரண்டு வாரம் கழித்து வைத்த தேர்வில் அது பின்தங்கியது. வீடியோ பார்த்தவர்களும் வாய்மொழி கேட்டவர்களும் முன்னேறியிருந்தார்கள்.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது தேர்வை மட்டும் சொல்லி, வீடியோ வென்றது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு முதல் தேர்வே முக்கியமாகப் படுகிறது. தன் வீச்சைத் தானே பார்த்தவர் முதலில் கெட்டுப்போகிறார். அந்த இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு பயிற்சியில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே வீடியோ உதவுவதும் கெடுப்பதும் அமைகிறது. எதைக் காட்டுவது, எந்தக் கோணத்தில், எவ்வளவு இடைவெளி விட்டு என்று தீர்மானிக்கும் ஆள் இல்லாத இடத்தில் கேமரா வெறும் சந்தேகத்தைப் பெருக்கும் கருவி. இதை நிறுவ கோல்ஃப் ஆய்வுகளோடு கிரிக்கெட் பந்துவீச்சின் சான்றுகளையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பந்துவீச்சைத் துணைக்கு அழைப்பதற்குக் காரணம் உண்டு. சென்னைக்கு மேற்கே, ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் உள்ள பருத்திப்பட்டில், 18 குழி ஆடுகளம் வேண்டும் என்பவர் நகரைக் கடந்து நந்தனம் காஸ்மோ திடல்வரை போகத் தயாராக இருக்க வேண்டும். ஆனால் பூந்தமல்லி வழியே போரூர் போனால், ஸ்ரீராமச்சந்திரா வளாகத்தின் விளையாட்டு அறிவியல் மையம் வந்துவிடும். சந்தேகத்துக்குரிய பந்துவீச்சைச் சோதிக்க சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) அங்கீகரித்த மையங்களுள் அதுவும் ஒன்று. உடலசைவைக் கேமராவால் அளந்து திருத்தும் கலையில் இந்த வட்டாரத்துக்கு உள்ள நெருக்கமான சான்று அங்கேதான் இருக்கிறது. மேலும், கோல்ஃப் ஸ்விங்கும் பந்துவீச்சும் ஒரு வகையில் உடன்பிறப்புகள். இரண்டிலும் செய்கிறவர் தன் உடம்பைத் தானே பார்க்க முடியாது. தொடங்கிவிட்டால் நடுவில் திருத்தவும் முடியாது. கோல்ஃபில் கிளப் கீழிறங்கிப் பந்தைத் தொட ஆகும் நேரம் ஏறக்குறைய கால் நொடிதான்.

முதலில் கேமராவின் பொய்யைப் பார்ப்போம். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் முழங்கையை நீட்டிப் பந்தை எறிகிறார் என்று நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் பலருக்கும் அது எறிதலாகவே தெரிந்தது. மறு ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பல கேமராக்களை வைத்து அவருடைய கையை அளந்தபோது வேறு கதை வெளிவந்தது. பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை அது. வளைந்த கையைத் தோளிலிருந்து சுழற்றினால், ஒரு கணம் பக்கவாட்டில் வளைவு தெரியும், அடுத்த கணம் அதே வளைவு பார்வைக் கோட்டில் ஒளிந்து கை நேராகத் தெரியும். முழங்கை நீளவில்லை, ஒற்றைக் கோணத்தில் பார்த்த கண்ணுக்கு அது நீண்டதுபோல் தோன்றியது. 2004-இல் அவருடைய தூஸ்ராவை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திரும்பும் பந்து) அளந்தபோது சுமார் 14 பாகை நீட்சி இருந்தது, திருத்தப் பயிற்சிக்குப் பின் அது 10 அளவுக்குக் குறைந்தது. அக்காலத்தில் வீச்சாளர் வகைக்கு ஏற்ப 5, 7.5, 10 என்று இருந்த நீட்சி வரம்பு 2005-இல் எல்லோருக்கும் 15 பாகை என்றானது. வெறுங்கண்ணுக்கு நேராகத் தெரிந்த எத்தனையோ பேருடைய கையிலும் சில பாகை நீட்சி இருப்பதை அளவீடுகள் காட்டியதே அதற்கு முக்கியக் காரணம்.

கண்டியில் பிறந்த ஒரு தமிழரின் முழங்கை உலகக் கிரிக்கெட்டின் விதியையே மாற்றியது என்பது நமக்குப் பெருமைதான். ஆய்வாளருக்கு அதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஒற்றைக் கேமரா கொடுப்பது முப்பரிமாண அசைவின் நிழலை மட்டுமே. கோல்ஃப் பழகுகிறவர் தன் பின்னால் போனை நிறுத்திப் படம் எடுக்கும்போது இதே சிக்கல் வருகிறது. போனைக் கைகளின் உயரத்தில் இலக்கை நோக்கி நேராக வைக்காமல் ஓரடி இடமோ வலமோ நகர்த்தினால் போதும். உள்ளிருந்து வரும் வீச்சு வெளியிலிருந்து வருவதாகவும், வெளியிலிருந்து வருவது உள்ளிருந்து வருவதாகவும் காட்சி புரண்டுவிடும். இல்லாத குற்றத்துக்கு அவர் மாதக்கணக்கில் மருந்து தேடுவார்.

வேகக் கணக்கும் பார்க்க வேண்டும். சாதாரண ஆட்டக்காரரின் டிரைவர் கிளப்பின் முனை நொடிக்கு சுமார் 40 மீட்டர் பாய்கிறது. நொடிக்கு 30 சட்டகம் எடுக்கும் போனில் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அந்த முனை 1.3 மீட்டர் கடந்துவிடும். 240 சட்டக ஸ்லோமோஷனில்கூட அந்த இடைவெளி 17 சென்டிமீட்டர். பந்தும் கிளப்பும் தொட்டிருக்கும் நேரமோ நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பந்து எங்கே போகும் என்று தீர்மானிக்கும் அந்தக் கணம் பெரும்பாலும் படத்தில் விழுவதே இல்லை. போனின் கேமரா ஒரு சட்டகத்தை வரி வரியாகப் பதிவதால், நேரான கிளப்பின் தண்டு வில்லாக வளைந்து தெரிவதும் உண்டு. அதைப் பார்த்து மணிக்கட்டைக் குறை சொன்ன பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் குருட்டுத்தனத்துக்குப் பெரிய சான்று கோல்ஃப் பாடநூல்களிலேயே கிடைக்கிறது. பந்து புறப்படும் திசையை வீச்சின் பாதைதான் தீர்மானிக்கிறது என்று பல்லாண்டு கற்பித்து வந்தார்கள். டிராக்மேன் போன்ற ராடார் கருவிகள் வந்த பிறகே, அந்தத் திசையில் பெரும்பங்கு தொடும் கணத்தில் கிளப்பின் முகம் திரும்பியிருக்கும் கோணத்துக்கு உரியது என்பது பரவலாக ஏற்கப்பட்டது. வல்லுநர்கள் தலைமுறை தலைமுறையாகப் படம் பார்த்தும் பிடிபடாத ஒன்றைத் தொடக்கநிலை ஆட்டக்காரர் தன் போனில் கண்டுபிடித்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரியாக அளந்து சரியாகத் திருத்திவிட்டால் மட்டும் போதுமா? போரூரில் நடந்த ஒரு சோதனை இதற்குச் சங்கடமான பதில் தருகிறது. பாகிஸ்தான் சுழற்பந்து வீச்சாளர் சயீத் அஜ்மல் வீச்சு விதிமீறலுக்காக 2014-இல் தடை செய்யப்பட்டார். முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சக்லைன் முஷ்டாக்கின் மேற்பார்வையில் வீச்சைத் திருத்திக்கொண்டு 2015 ஜனவரியில் சென்னையில் சோதனைக்கு வந்தார். பிப்ரவரியில் ஐசிசி அவருக்கு அனுமதி அளித்தது. அளவுகோலின்படி திருத்தம் முழு வெற்றி. ஆனால் பழைய நஞ்சு பந்தில் இல்லை. அந்த ஏப்ரலில் வங்கதேசத்தில் ஆடிய சில ஆட்டங்களோடு அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்தது. கேமராவுக்கு நேரான கை வேண்டும். ஆட்டக்காரருக்கு விக்கெட் வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. கோல்ஃபிலும் ‘அழகான ஸ்விங்’ என்ற படத்துக்காக உழைத்து, பந்தைப் பசும்புல் பக்கம் கொண்டுபோகும் சாமர்த்தியத்தைத் தொலைத்தவர்கள் குறைவில்லை.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 1973-இல் முதுகெலும்பு முறிவால் கிட்டத்தட்ட ஆட்டமே முடிந்துபோன ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி, தன் வீச்சை மறுசீரமைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதே லில்லியைத்தான் எம்ஆர்எஃப் டயர் நிறுவனம் 1987-இல் சென்னைக்கு அழைத்து வந்து வேகப்பந்துப் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கியது. கோல்ஃபில் நிக் ஃபால்டோ 1985 வாக்கில் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய்த் தன் ஸ்விங்கை அடியோடு மாற்றினார். ஏறக்குறைய இரண்டு ஆண்டு சறுக்கல், பத்திரிகைகள் கைவிட்டுவிட்டன. 1987 பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசிச் சுற்றில் 18 குழியிலும் பார் எடுத்துக் கோப்பையை வென்றார். இருவருக்கும் பொதுவானது, இடைக்காலத் தோல்வியைத் தோல்வியாக எண்ணாத கால அவகாசம். சனிக்கிழமை பாடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போகிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது. அஜ்மலுக்கும் அது கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். 37 வயதில் யார் காத்திருப்பார்கள்?

எவ்வளவு அடிக்கடி காட்டுவது என்ற கேள்வியில் சோதனைச் சாலைகள் ஓரளவு தெளிவாகவே பேசுகின்றன. ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் விளைவைச் சொன்னதைவிடப் பாதி முயற்சிகளுக்கு மட்டும் சொன்னபோது கற்றது நன்றாக நிலைத்தது என்று வின்ஸ்டைனும் ஷ்மிட்டும் 1990-இல் காட்டினார்கள். பழக்கமில்லாத கையால் பந்தெறியக் கற்றவர்களிடம் 1997-இல் ஜனெல் குழுவினர் நடத்திய சோதனை இன்னும் சுவையானது. வேண்டியபோது கேட்டு வீடியோ பார்க்கலாம் என்று விட்டதும், அவர்கள் கேட்டது பத்தில் ஒரு பங்கு எறிதல்களுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அந்தக் குழுவே நன்றாகக் கற்றது. தேர்வுரிமை தானே கற்றலைக் கூட்டுகிறது என்ற அந்த வாதத்தின் வலு, அண்மைய தொகுப்பாய்வுகளில் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் ஒன்று நிற்கிறது: கற்கிறவருக்குத் தேவைப்படுவது நாம் காட்ட விரும்புவதைவிட மிகக் குறைவு. பருத்திப்பட்டு ஏரி நடைபாதையில் காலையில் உட்கார்ந்திருந்தால், தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துத் தங்களைத் தாங்களே படமெடுக்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு அசைவுக்குப் பின்னும் ஓடிவந்து திரையைப் பார்க்கிறார்கள். அந்த அசைவில் உடம்பு என்ன உணர்ந்தது என்று அவர்களைக் கேட்டால் பதில் வராது. உணர்வதற்கு முன்பே திரை பதிலைச் சொல்லிவிட்டது.

கவனம் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். வுல்ஃப் குழுவினர் 1999-இல் கோல்ஃப் அறியாத மாணவர்களுக்குச் சிறு தூர அடியைக் கற்பித்தபோது, கைகளின் அசைவைக் கவனித்தவர்களைவிடக் கிளப்பின் ஊசலைக் கவனித்தவர்கள் குறி தப்பாமல் அடித்தார்கள். வீடியோவோ இயல்பாகவே கண்ணைத் தோளுக்கும் முழங்கைக்கும் இடுப்புக்கும் இழுக்கிறது. பழைய டிரில்களின் அறிவு இங்கேதான் புரிகிறது. அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு அரை வீச்சு அடிக்கச் சொல்வதில், உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. துண்டு கீழே விழக்கூடாது, அவ்வளவே. கை உடம்போடு ஒட்டிச் சுழல்வது தானாக வந்து சேரும். பாதங்களைச் சேர்த்து வைத்து அடிப்பதும் அப்படித்தான். சமநிலை தவறினால் விழுந்துவிடுவீர்கள், யாரும் படம் எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. நல்ல டிரில் தானே பின்னூட்டமும் ஆகிறது. வீடியோவை, எந்த டிரில் தேவை என்று ஆசிரியர் கண்டறியும் கட்டத்துக்கும், சில வாரம் கழித்துச் சரிபார்க்கும் கட்டத்துக்கும் ஒதுக்கிவிட்டு, நடுவில் போனைப் பையில் போட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பயிற்சித் திடலின் அமைப்பே நல்ல கற்றலுக்கு எதிராக இருக்கிறது. பந்துகள் கூடைக் கணக்கில் வருகின்றன. ஒரே கிளப்பால், ஒரே இலக்குக்கு, ஒரே இடத்தில் நின்று கூடையைக் காலி செய்கிறோம். இறகுப்பந்தாட்டத்தில் மூன்று வகை சர்வீஸைக் கலந்து பழகியவர்கள், ஒவ்வொன்றாகப் பழகியவர்களைப் பின்னாளில் முந்தினார்கள் என்று குட், மாகில் இருவரும் 1986-இல் கண்டார்கள். கோல்ஃப் களத்தில் இந்த விளைவு அவ்வளவு உறுதியாகத் தென்படவில்லை. பிராடியின் 2004 தொகுப்பாய்வும் ஆய்வகத்துக்கு வெளியே அது மெலிந்துவிடுகிறது என்றே சொல்கிறது. ஆகவே கலந்து பழகு என்பதைக் கட்டளையாக்க நான் தயாரில்லை. ஆனால் ஆடுகளத்தில் ஒரே அடியை அடுத்தடுத்து இரண்டு முறை அடிக்கும் வாய்ப்பு அரிது என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

இன்னொரு குறை, நாம் தொடங்கிய ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. அதில் தேர்வுப் பந்துகள் எல்லாம் செயற்கைப் புல்விரிப்பிலிருந்து அடிக்கப்பட்டன. விரிப்பில் பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் தரையைத் தொட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு பந்தில் போய் மோதிவிடும். சத்தமும் நன்றாகவே கேட்கும். மழைக்குப் பிந்தைய நந்தனத்துப் புல்லில் அதே அடி மண்ணைக் கிளறிக்கொண்டு நாலு கெஜத்தில் நிற்கும். வீடியோவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். வீடியோக் குழு இரண்டு வாரம் கழித்துக் காட்டிய முன்னேற்றம் புல்லில் எவ்வளவு மிஞ்சும் என்பதை அந்த வடிவமைப்பு சொல்ல முடியாது. சென்னையில் இதை மறுபடி செய்து பார்க்க விரும்பும் உடற்கல்வி மாணவர் மூன்று குழுக்களையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்; விரிப்பை எடுத்துவிட்டு, தேர்வை அடுத்த மாதம், புல்லில், ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பை மாற்றி வைக்க வேண்டும்.