விண்மீன் கடக்கும் நொடி: சென்னை வானாய்வகமும் மூளை ஆய்வின் தொடக்கமும்

சிதம்பரம் நடராசர் கோயிலில் ரகசியத் திரை விலகும் வேளையில் மணி ஒலிக்கிறது என்று கொள்வோம். எத்தனையாவது மணியோசையில் திரை விலகியது என்று அருகருகே நிற்கும் இருவரைக் கேட்டால், இருவர் விடையும் ஒன்றாக இராது. பொய் சொன்னவர் எவரும் இல்லை. இத்தகைய ஒரு வேறுபாடுதான் 1796-இல் இங்கிலாந்தில் ஒருவரின் வேலையைப் பறித்தது.

தொலைநோக்கியினுள் கட்டப்பட்ட மெல்லிய இழையை விண்மீன் கடக்கும் நேரத்தை அக்கால வானியலாளர் 'கண்–காது முறை'யால் குறித்தனர். கண் விண்மீன்மேல் இருக்கும். காது ஊசல் கடிகாரத்தின் ஓசையை எண்ணும். இழைக்கு முன் ஒலித்த ஓசையில் விண்மீன் எங்கே இருந்தது, அடுத்த ஓசையில் எங்கே போயிற்று என்று பார்த்து, நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட வேண்டும். கிரீனிச் வானாய்வகத்தில் டேவிட் கின்னபுரூக் என்னும் உதவியாளர் குறித்த நேரம், தலைவர் மாஸ்கலின் குறித்ததைவிட 0.8 நொடி பிந்தியிருந்தது. கவனக்குறைவு என்று கருதி அவரை நீக்கினர். அது அநீதி. 1820-க்குப் பிறகு பெசல் என்னும் செருமானிய வானியலாளர் ஒப்பிட்டபோது, தேர்ந்த வானியலாளர்களுக்கிடையிலேயே ஒரு நொடிக்கும் மேல் வேறுபாடு இருந்தது. குறைபாடு ஒருவரிடம் இல்லை. மனித மூளையின் இயல்பே அது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வகத்திலும் இதே வேலைதான் நடந்தது. 1830-இல் பொறுப்பேற்ற டெய்லர், உதவியாளர்களுடன் சுமார் 11,000 விண்மீன்களின் பட்டியலை உருவாக்கினார். பின்னாளில் போக்சனின் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். பள்ளிப் பாடநூல்களில் அவருக்கு இன்னும் கூடுதல் இடம் தரலாம்.

1868-இல் தாண்டர்சு மூளையின் முடிவெடுக்கும் நேரத்தை அளந்தார். 1879-இல் லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம் தொடங்கிய வுண்ட், கண்–காது முறையையே சோதனையாக்கினார். ஒலிக்குக் கை அசைய ஏறத்தாழ 0.15 நொடியும், ஒளிக்கு 0.2 நொடியும் ஆகின்றன. நொடிக்குக் குறைந்த கால அளவுகளைக் கணிப்பதில் சிறுமூளைக்குப் பங்குண்டு. கண் தரும் செய்தி போதிய அளவு சேர்ந்த பிறகே மூளை 'இப்போது' என்று முடிவு செய்கிறது. கவனம் வைத்த பொருள் சற்று முந்தியே உணரப்படும். ஆகவே திரையையே பார்த்திருந்தவர் முந்திய மணியைச் சொல்வார். மணியை எண்ணிக்கொண்டிருந்தவர் பிந்தியதைச் சொல்வார்.