பர்ரேசியா என்னும் சொல்

புதிய ஏற்பாட்டின் மூலமொழி கிரேக்கமாகும். அதில் வரும் ‘பர்ரேசியா’ என்னும் சொல்லைத் தமிழ் வேதாகமம் பல இடங்களில் ‘தைரியம்’ எனப் பெயர்த்துள்ளது. சொல்லைப் பகுத்து நோக்கின், ‘அனைத்தையும் பேசுதல்’ என்பதே பொருளாம்.

ஏதென்ஸ் நகரத்தார் இதனைக் குடியுரிமையின் அணியெனப் போற்றினர். கி.மு. 428-ல் அரங்கேறிய யூரிப்பிடீஸின் ‘ஹிப்போலிட்டஸ்’ நாடகத்தில், தாயொருத்தி தன் மக்கள் அந்நகரில் இவ்வுரிமையோடு வாழ விழைகிறாள். அடிமைக்கோ அது கிடையாது; மனத்திலுள்ளதை அடக்கிக் கொள்வதே அவன் விதி.

அப்போஸ்தலர் நடபடிகள் 4-ஆம் அதிகாரத்தில் இச்சொல் யாருக்குரியதாகிறது? ஜெருசலேம் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்ற பேதுரு, யோவான் என்னும் படிப்பற்ற மீனவர் இருவர்க்கு! எந்நகரமும் அவர்க்கு அவ்வுரிமையை அளிக்கவில்லை. பேசியே அதனைப் பெற்றனர்.

ஆங்கிலம் கற்றும், தோட்டத்து ஆபீசில் மேலதிகாரி முன் தலையசைத்தே பழகிவிட்ட எமக்கு, அம்மீனவரை எண்ணுந்தோறும் நாணமே மிகுகின்றது.