ஸ்டீல், குளோட்

(பி. 1946) அமெரிக்கச் சமூக உளவியலாளர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். மிச்சிகனில் பணியாற்றியபோது, நுழைவுத்தேர்வில் சம மதிப்பெண் பெற்றிருந்தும் கறுப்பின மாணவர்கள் கல்லூரியில் பின்தங்குவதைக் கண்டு காரணம் தேடினார். 1995இல் ஜோஷுவா ஆரன்சனுடன் வெளியிட்ட ஆய்வில், கடினமான மொழித்தேர்வை 'அறிவுத்திறனை அளப்பது' என்று சொல்லித் தந்தபோது கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் சரிந்தது. அதே வினாக்களை வெறும் ஆய்வகப் பயிற்சி என்றதும், முந்தைய தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்டால், வெள்ளையருக்கு இணையாக எழுதினர். தேர்வுக்கு முன் இனத்தைக் குறிக்கச் சொன்னதே இன்னொரு சோதனையில் மதிப்பெண்ணைக் குறைத்தது. தம் இனத்தின் மீதான இழிவான எண்ணத்தைத் தாமே மெய்ப்பித்துவிடுவோமோ என்ற இந்த நெருக்கடிக்கு 'ஸ்டீரியோடைப் அச்சுறுத்தல்' என்று பெயர். விளைவின் அளவு குறித்துப் பின்னாளில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஆயினும் குறையை மாணவரிடம் தேடாமல் வகுப்பறைச் சூழலில் தேட வைத்தது அவரது பெரும்பணி. பொது வாசகருக்காக அவர் எழுதிய 'விசிலிங் விவால்டி' 2010இல் வெளிவந்தது.