அகாதெமி திருத்திய எழுத்துகள்

ஸ்பானிய மொழியை எழுதியபடியே படிக்கலாம், அது அதன் இயல்பு என்று ஆங்கிலம் பேசுவோர் வியப்பதுண்டு. இயல்பல்ல, திட்டமிட்டுச் செய்த வேலை. 1492-இல் ஸ்பானிய இலக்கணம் வெளியிட்ட அறிஞர் நெப்ரிஹாவே பேசுவதுபோல் எழுத வேண்டும் என்றார். 1713-இல் தோன்றிய ஸ்பானிய அரச அகாதெமி அதைச் சிறுகச் சிறுக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொண்டையில் உரசும் ஒரே ஒலிக்கு எக்ஸும் ஜேயும் போட்டியிட்டன; 1815-இல் எக்ஸை அந்த வேலையிலிருந்து விலக்கினார்கள். புகழ்பெற்ற நாவலின் நாயகன் டான் கிஹோத்தேயின் பெயரில் எக்ஸ் போய் ஜே வந்தது அப்படித்தான். மெக்சிகோவோ தன் பெயரில் பழைய எக்ஸைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டது, ஒலிப்பது ‘மெஹிகோ’.

அப்படியானால் ஒலிக்காத எச் ஏன், ஒரே ஒலிக்குப் பி, வி என இரண்டு எழுத்து ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே அகாதெமி காதைவிட லத்தீனுக்கே அதிகம் செவிசாய்த்தது. ஆனால் அந்தச் சுமை எழுதுபவருக்குத்தான், படிப்பவருக்குக் குழப்பமில்லை. ஆங்கிலத்துக்கு அப்படியொரு அகாதெமி அமையவே இல்லை.