வளைத்து வைத்த இறப்பர் துண்டு சொன்ன சாட்சி

நாம் இறப்பர் விளையும் நாட்டவர்கள். 1876இல் பிரேசில் விதைகளிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் ஹெனரத்கொடைக்கு வந்த வரலாற்றைப் பாடசாலையில் படித்திருக்கிறோம். ஆனால் அந்த இறப்பர் எப்படிப் பழுதாகிறது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது ஒரு நகரத்து மக்களின் மூச்சோடு சம்பந்தப்பட்டது.

1942இல் மலாயாவும் இந்தோனேசியத் தீவுகளும் ஜப்பானிடம் விழுந்தன. நேச நாடுகளுக்கு மிஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பங்கு எமது தோட்டங்களிலிருந்தே போனது. அது போதாமல் அமெரிக்கா செயற்கை இறப்பரில் இறங்கியது. லொஸ் ஏஞ்சல்ஸிலும் அதற்கான மூலப்பொருள் செய்யும் ஆலை ஒன்று வந்தது.

1943 ஜூலையில் கண்ணெரியும் புகைமூட்டம் அந்நகரை மூடியது. ஜப்பான் நச்சுவாயு வீசிவிட்டதோ என்று சிலர் பயந்தார்கள். பிறகு பழி அந்த ஆலைமீது விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தும் புகைமூட்டம் நிற்கவில்லை.

அங்கே இன்னொரு புதினமும் இருந்தது. மற்ற ஊர்களைவிட அந்நகரத்து டயர்களின் பக்கங்களில் சீக்கிரமாகவே வெடிப்புகள் விழுந்தன.

அன்னாசியின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற இரசாயனவியலாளர் இதைக் கவனித்தார். இறப்பர் துண்டுகளை வளைத்து வெளிக்காற்றில் வைத்து, வெடிப்பு விழ எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தார்கள். புகைமூட்டம் கூடிய வேளைகளில் சில நிமிடங்களே போதுமாக இருந்தன. குற்றவாளி ஓசோன். வாகனப் புகை வெயிலில் மாறி அந்த ஓசோன் உருவாகிறது என்று அவர் 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். எண்ணெய்க் கம்பனிகளின் பணத்தில் நடந்த ஆய்வுகள் அதை மறுத்துப் பார்த்தன. உண்மை நின்றது. 1968இல் இயங்கத் தொடங்கிய கலிபோர்னியா வளி வளச் சபையின் முதல் தலைவராக அவரே அமர்ந்தார்.

ஏன் துண்டை வளைக்க வேண்டும்? இதில்தான் விஷயமே இருக்கிறது. இறப்பர் என்பது நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் பின்னல். ஓசோன் அச்சங்கிலிகளை வெட்டுகிறது. இறப்பர் தளர்ந்திருந்தால் வெட்டுண்ட முனைகள் இருந்த இடத்திலேயே கிடக்கும். மேற்பரப்பு மட்டும் பழுதாகும். இழுபட்டிருந்தால் முனைகள் விலகும், உள்ளே புதிய இடம் திறக்கும், அதையும் ஓசோன் வெட்டும். இழுவிசைக்குக் குறுக்காக வெடிப்பு ஆழமாகிக்கொண்டே போகும். ஆக, இறப்பரின் ஆயுளை வருடக் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. எங்கே இழுபடுகிறதோ அங்கேதான் முதலில் முதுமை வருகிறது.

பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம். ஒரே பக்கற்றிலிருந்து இரண்டு இறப்பர் பட்டிகள் எடுங்கள். ஒன்றைப் பலகைத் துண்டில் இழுத்து மாட்டுங்கள், மற்றதைத் தளர்வாக விடுங்கள். இரண்டையும் வெளியே நிழலில் சில வாரங்கள் வைத்து ஒப்பிடட்டும்.

பெரியவர்களாகிய நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. சமையலறைக் காஸ் குழாய் இறப்பராக இருந்தால், அது வளையும் இடத்தையும் கிளிப் இறுக்கிய முனைகளையும் இன்றே ஒருமுறை பார்ப்போம். குழாயின் நடுப்பகுதி புதிதுபோலத்தான் தெரியும்; அதை நம்பி இருந்துவிடக் கூடாது. வளைவின் வெளிப்பக்கத்தில் மெல்லிய கோடுகள் கண்டால் டேப் சுற்றிச் சமாளிக்காமல் குழாயையே மாற்றிவிடுவோம்.