பூட்டுக்கு அடங்காத கொட்டகை

கிணற்று மேட்டிலுள்ள மோட்டார் கொட்டகைக்கு எவ்வளவு கனமான பூட்டைப் போட்டாலும் அதன் குறை தீர்வதில்லை. வீடு ஊருக்குள் இருக்கிறது, கொட்டகை காட்டுக்குள் தனித்து நிற்கிறது. ஓட்டைப் பிரித்தோ கதவின் கீலைப் பெயர்த்தோ உள்ளே இறங்குகிறவனுக்கு விடியும்வரை நேரம் உண்டு. செம்புக் கம்பியை அவன் உருவும் சத்தம் யார் காதிலும் விழாது. இந்தச் சிக்கல் மின்மோட்டாரோடு பிறந்ததன்று. களத்து நெல், வைக்கோல்போர், ஆட்டுக்கிடை, மாட்டுப்பட்டி என்று உழவரின் செல்வத்தில் பெரும்பங்கு எப்போதுமே வீட்டுக்கு வெளியேதான் கிடந்திருக்கிறது. பூட்ட முடியாத பொருளை எப்படிக் காப்பது என்ற கேள்விக்குத் தென்தமிழகம் கண்ட பழைய விடை காவல் முறை. களவு போனால் காவல்காரரே ஈடுகட்ட வேண்டும் என்ற பொறுப்புத்தான் அந்த முறையைத் தாங்கி நின்றது என்று நான் கருதுகிறேன். கம்பும் தீப்பந்தமும் அதற்கு அடுத்தவையே.

இந்த ஏற்பாடு மிகப் பழையது. புதுக்கோட்டை வட்டாரத்துக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற உரிமை திரும்பத் திரும்ப வருகிறது. ஊரார் தங்கள் ஊரைக் காக்கும் பொறுப்பை ஓர் அரையரிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக விளைச்சலில் பங்கும் நிலமும் தந்ததை அவை பதிவு செய்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் இதுவே ஓர் ஊர் அளவில் தலக்காவல் என்றும், பாளையக்காரர் ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஏற்றபோது தேசகாவல் என்றும் வழங்கியது. மதுரைச் சீமையில் கள்ளரும் நெல்லைச் சீமையில் மறவரும் பெரும்பாலும் இப்பணியில் இருந்தார்கள். கூலி வாங்கியவர் களவுபோனதை மீட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் அதன் மதிப்பைக் கொடுக்கவேண்டும். நட்டம் தன் தலையில் விடியும் என்று தெரிந்தவனுக்கே காலடித் தடத்தை எல்லைவரை தேடிப் போகும் அக்கறை வரும். எந்தச் சந்தையில் யார் புதிதாக மாடு விற்கிறார் என்று விசாரிக்கவும் அவனுக்குத்தான் தோன்றும். மாதச் சம்பளத்துக்கு ஊர் சுற்றி வருகிறவனுக்கு அந்த நெருக்கடி கிடையாது.

பாளையக்காரர்களை 1801இல் ஒடுக்கிய கம்பெனி அரசு அவர்களுடைய காவல் உரிமையையும் பறித்தது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்த் தலைவரைக் காவல் அதிகாரியாக்கி, தலையாரியை அவருக்குத் துணையாக்கியது. 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. இத்தனைக்குப் பிறகும் பல ஊர்கள் காவல்கூலியைத் தொடர்ந்து அளந்தன. அறியாமையால் அளந்தன என்று சொல்லிவிட முடியாது. புதிய போலீஸ் களவைப் பதிவு செய்யும், திருடனைப் பிடித்தால் தண்டிக்கும். ஆனால் உழவு மாட்டை இழந்தவனுக்கு அடுத்த வாரம் ஏர் பூட்ட மாடு வேண்டும். அதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல் இல்லை.

இது காவலா, கப்பமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கூலி தர மறுத்தவரின் வைக்கோல்போர் எரிந்ததும், காணாமல்போன மாடு 'துப்புக்கூலி' கொடுத்ததும் திரும்பி வந்ததும் நடந்தவைதான். துப்புச் சொன்னவருக்கும் ஓட்டிச் சென்றவருக்கும் உறவு இருந்த வழக்குகள் குறைவல்ல. காவல் உரிமைக்கு மேலே ஓர் அரசனோ பாளையக்காரரோ இருந்தவரை தவறு செய்த காவல்காரரைக் கேட்க ஆள் இருந்தது. அந்த மேல்தட்டைக் கம்பெனி அகற்றியபின் கூலி மட்டும் மிஞ்சியது, கேள்வி போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டின் கொடுமைகளை வைத்து முழு வழக்கத்தையும் கொள்ளை என்று முத்திரை குத்துவது ஆகவே சரியாகாது. 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கம் கள்ளர் காவலை எதிர்த்துக் கிளம்பிய உழவர்கள் செய்ததைப் பாருங்கள். பழைய காவல்காரர்களை நீக்கினார்கள். கூடவே பொது நிதி திரட்டி, மாடு பறிகொடுத்தவர்க்கும் போர் எரிந்தவர்க்கும் அதிலிருந்து ஈடு கொடுத்தார்கள். காவலை வெறுத்தவர்களும் ஈட்டை விடவில்லை. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காவல் யாருடைய சொத்தைக் காத்தது என்ற கேள்வி இன்னும் கடினமானது. களமும் பட்டியும் உடையவருக்கே காவல் பயன்பட்டது. அந்தக் களத்தில் கதிரடித்துவிட்டு அரைவயிற்றோடு திரும்பியவருக்கு அதனால் எதுவும் இல்லை. இந்தக் குறைக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் அரசு கொண்டுவந்த மாற்று அதையும் போக்கவில்லை. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், தலைமுறைகளாகக் காவல் இருந்த குடும்பங்களையே கைரேகை பதித்துக் கண்காணிக்க வைத்தது. அந்தப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். களவுக்குப் பொறுப்பேற்றவரின் பேரன் களவுக்குச் சந்தேகத்துக்குரியவன் ஆனான், பறிகொடுத்தவருக்கோ ஈடு என்ற பேச்சே இல்லை. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது.

இன்று மோட்டாரைப் பறிகொடுக்கும் விவசாயி காவல் நிலையத்துக்குப் போகிறார். புகார் எழுதி ரசீது வாங்குகிறார். காப்பீடு செய்திருந்தால், பொருள் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழுக்காக மறுபடி அலைகிறார். காப்பீடு செய்யாதவர் கடன் வாங்கி வேறு மோட்டார் இறக்குகிறார், கொட்டகைக்கு இன்னொரு பூட்டும் வாங்குகிறார்.