நீர்வாழ் பூச்சிகளின் இனத்தொகையும் டி.என்.ஏ. பார்கோடும்: புதுச்சேரிக் கொசு ஆராய்ச்சியை முன்வைத்து

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்து ஓடும் பெரிய வாய்க்காலிலும், ஊசுட்டேரியின் கரையோரத்து ஆழமற்ற நீரிலும், கடலையொட்டிய கிராமங்களின் உப்பங்கழிகளிலும் அகப்பையால் முகந்து பார்ப்பவருக்கு, அதில் நெளியும் கொசுப்புழுக்கள் யாவும் ஏறக்குறைய ஒரே தோற்றமுடையனவாகவே காணப்படும். அவை எத்தனை இனத்தைச் சார்ந்தவை என்ற வினாவுக்கு, நான்காம் பருவம் எய்திய புழுவின் மயிர்க்கற்றைகளைப் நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராயவல்ல அனுபவசாலியே விடை கூற இயலும். அதனினும் இளைய புழுவைக் கொடுத்தால் அவரும் தயங்குவார். தும்பி முதலாக, இளமையை நீரில் கழித்துப் பின்பு சிறகு பெற்றுப் பறக்கும் பூச்சிகள் அனைத்துக்கும் இந்தச் சங்கடம் பொதுவானது. இதைத் தீர்க்க வந்த டி.என்.ஏ. பார்கோடு முறை மிகச் சிறந்த துணை என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அது நேராக அளப்பது தாய்வழி வமிசங்களையே என்பதும், அந்தத் தொகையை இனங்களின் தொகையாகவே கொள்வது பிழை என்பதும் என் அபிப்பிராயம்.

2003-ஆம் ஆண்டில் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துப் பால் ஹீபர்ட்டும் அவருடைய சகாக்களும் முன்வைத்த இம்முறை, தாயிடமிருந்தே சந்ததிக்கு வரும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்துக்களைப் படித்து, ஓரினத்துக்குள் காணும் பேதத்தைவிட இரண்டு இனங்களுக்கிடையே காணும் பேதம் தெளிவாக மிகுந்திருக்கும் என்ற அநுமானத்தின்மேல் நிற்கிறது. புழுவுக்கும் பறக்கும் கொசுவுக்கும் எழுத்துக்கள் ஒன்றே ஆதலால், பருவபேதம் அதற்குத் தடையாவதில்லை.

1975-இல் தோன்றிய, நோய் பரப்பும் உயிர்களைக் கட்டுப்படுத்துவதற்கான புதுச்சேரி ஆராய்ச்சி மையத்தார் இம்முறையை இந்தியக் கொசுக்களிடம் பரிசோதித்து 2007-இல் வெளியிட்ட முடிவு இங்கே விசேஷ கவனத்துக்குரியது. 15 பேரினங்களைச் சார்ந்த 63 இனங்களை 111 மாதிரிகளைக் கொண்டு அவர்கள் ஆராய்ந்தபோது, பழைய வகைப்பாட்டுடன் பார்கோடு பெரும்பாலும் இசைந்தது. இரண்டை மட்டும் அதனால் பிரிக்க முடியவில்லை. அவற்றுள் ஒன்று, போர்ட்டோ நோவோ எனப்பட்ட நம் பரங்கிப்பேட்டையின் பெயரைத் தாங்கிய ஆக்லெரோடேட்டஸ் போர்ட்டோநோவோயென்சிஸ். மற்றொன்று ஆக்லெரோடேட்டஸ் வார்டி. இவை அண்மைக் காலத்தில் பிரிந்த இனங்களா, கலப்பினால் ஒன்றன் மைட்டோகாண்ட்ரியாவை மற்றொன்று பெற்றதா, அன்றி உருவம் கண்டவர்கள் ஒன்றையே இரண்டாகக் கொண்டார்களா என்னும் மூன்று வினாக்களுக்கும் பார்கோட்டிடம் விடையில்லை. இசைந்தவற்றைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும்: சராசரியாக ஓரினத்துக்கு இரண்டு மாதிரிகூட இல்லாத நிலையில், ஓரினத்துக்குள் நிகழும் பேதம் எவ்வளவு என்பதை நிர்ணயிப்பது எவ்வாறு? அதனை அறியாமல் எல்லைக்கோடு வரைய இயலாதன்றோ!

யானைக்கால் நோயைப் பரப்பி இந்நகரை நெடுங்காலம் வருத்திய கியூலக்ஸ் குயின்க்யூஃபேசியேட்டஸ் கொசுவின் உடலில் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா குடியிருக்கிறது. அதைத் தாங்கிய ஆணோடு கூடிய, அதைத் தாங்காத பெண்ணின் முட்டைகள் பெரும்பாலும் பொரிப்பதில்லை. ஆகவே தாங்கிய தாய்மாரின் சந்ததியே பெருகி, அவர்களுடைய மைட்டோகாண்ட்ரியாவும் உடன் பரவி, பழைய எழுத்துபேதங்கள் துடைக்கப்படுகின்றன. இத்தகைய இடத்தில் பார்கோடு காட்டும் ஒருமை, பாக்டீரியாவின் சரித்திரமாக இருத்தல் கூடும்.

மாறாக, அனாபிலிஸ் சப்பிக்டஸ் என்று ஒரே பெயரால் வழங்கிய கொசுவுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் மறைந்திருப்பதை, புதுச்சேரியை அடுத்த கிராமங்களில் 1980-களில் ஆராய்ந்தவர்கள் குரோமோசோம்களின் வரிகளையும் முட்டையின் மிதவையிலுள்ள வரம்புகளையும் கொண்டே கண்டார்கள். பின்னர் அவை நான்கு எனப்பட்டன. அவற்றுள் ஒன்று கடலோர உவர்நீரை விரும்புவது. பார்கோடு பிறப்பதற்கு ஏறத்தாழ இருபதாண்டு முன்னரே நிகழ்ந்தது இது.

ஆதலால் நீர்நிலையொன்றின் இனத்தொகையை வெளியிடுவோர், ஒரே தாய்க்கொசு இட்ட முட்டையையும், அதன் வழிவந்த புழுவின் தோலையும், பறக்கும் உருவையும் சேர்த்துப் பாதுகாத்து, உட்கருவிலுள்ள ஒரு மரபணுவையேனும் உடன் படித்தல் வேண்டும். கொசுவின் ஒரு காலே டி.என்.ஏ.வுக்குப் போதுமாதலால், எஞ்சிய உடல் ஊசியில் குத்தப்பட்டு, ஐயுறும் அடுத்த ஆராய்ச்சியாளருக்காகப் பெட்டியில் காத்திருக்கலாம்.